கால் மைல் கார், இருபத்தைந்தில் ஒரு பங்கு

ஒரு நேர்ச்சாலை. நீளம் கால் மைல், அதாவது 402 மீட்டர். இரண்டு கார்கள் அருகருகே நிற்கும். விளக்கு பச்சையானதும் இரண்டும் பாயும். மறுமுனையை எது முதலில் தொடுகிறதோ அதற்கு வெற்றி. வளைவு கிடையாது, இரண்டாம் சுற்று கிடையாது, சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். இதுதான் டிராக் ரேஸ். இந்தக் கார்களை இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, பிளாஸ்டிக்கில் கட்டி, வண்ணமடித்து, என்ஜினுக்கு ஒயர் இழுத்து, மேசைமேல் நிறுத்திப் பார்க்கும் பொழுதுபோக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்த அளவில் கணக்குப் போட்டால் கால் மைல் ஓடுபாதை வெறும் 16 மீட்டர்தான் வரும்.

கார் மாடல்களில் எத்தனையோ வகை இருக்க, டிராக் கார் ஏன்? சாலையில் ஓடும் காரில் எல்லாம் இருக்கும்: பின் இருக்கை, ஹீட்டர், ரேடியோ, டிக்கி. டிராக் காரில் அந்தக் கால் மைலை ஓட உதவாத எதையும் கழற்றிவிடுவார்கள். மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு காரணம் இருக்கும். முன்சக்கரம் ஏன் சைக்கிள் சக்கரம் மாதிரி ஒல்லியாக இருக்கிறது? புகைக்குழாய் ஏன் வானத்தைப் பார்க்கிறது? பின்னால் ஏன் ஒரு துணிமூட்டை தொங்குகிறது? பதில் தெரிந்துவிட்டால் மாடலில் எதை எங்கே வைக்க வேண்டும், எந்த நிறத்தில் வைக்க வேண்டும் என்பது பாதி புரிந்த மாதிரி. உண்மைக் காரில் ஒரு துண்டு என்ன வேலை செய்தது என்று தெரிந்துகொண்டு, அந்த வேலை மாடலிலும் கண்ணுக்குத் தெரியும்படி செய்வதைத்தான் டீடெய்லிங் என்கிறோம். புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

காரின் கதை கொஞ்சம்

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், கலிபோர்னியாவில் பழைய கார்களை வாங்கி, பாரத்தைக் குறைத்து, என்ஜினை முறுக்கேற்றி ஓட்டிய இளைஞர்கள் ஏராளம். வறண்ட ஏரிப் படுகைகளிலும் தெருக்களிலும் ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, 1950-இல் சாண்டா ஆனா விமான நிலையத்தின் ஓடுபாதை பந்தயக் களமாகக் கிடைத்தது. அடுத்த ஆண்டே வாலி பார்க்ஸ் என்பவர் என்எச்ஆர்ஏ (நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன்) என்ற அமைப்பைத் தொடங்கினார். பாதுகாப்பு விதிகளும் பிரிவுகளும் வந்தன. 1955-இல் கான்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் என்ற ஊரில் அந்த அமைப்பின் முதல் தேசியப் போட்டி நடந்தது.

கார்கள் கிளை கிளையாகப் பிரிந்தன. மாடல் கட்டுகிறவருக்கு இந்தக் கிளைகள் தெரிந்திருப்பது மிக அவசியம், ஏனென்றால் கடையில் பெட்டியைப் பார்த்ததும் உள்ளே என்ன வேலை காத்திருக்கிறது என்பதை அதுதான் சொல்லும்.

கேஸர் என்பது 1950, 60-களின் கார். வில்லிஸ் மாதிரியான பழைய இரு கதவுக் கார், அல்லது 1955 மாடல் ஷெவர்லே. மூக்கு உயர்ந்து, ஏதோ வாசனை பிடிப்பது போல நிற்கும். முன்பக்கத்தில் இருந்த சஸ்பென்ஷனை எடுத்துவிட்டு லாரியில் இருப்பது போன்ற நேரான ஆக்சிலை மாட்டியிருப்பார்கள். எடை பின்பக்கம் சாய்ந்தால் பின்டயர் தரையை நன்றாகப் பிடிக்கும் என்பதுதான் காரணம். அன்றைய டயர்களின் பிடிப்பு குறைவு, அதனால் எடையை வைத்து ஈடுகட்டினார்கள். ஸ்டோன்-வுட்ஸ்-குக் அணியின் வில்லிஸும், ஜான் மஸ்மேனியனின் மிட்டாய்ச் சிவப்பு வில்லிஸும் இந்தப் பிரிவில் பெரும் புகழ் பெற்றவை.

ஸ்லிங்ஷாட் டிராக்ஸ்டர் வேறு மாதிரி. நீண்ட இரும்புக் குழாய்ச் சட்டம், நடுவில் என்ஜின், அதற்கும் பின்னால், பின் ஆக்சிலையும் தாண்டி, ஓட்டுநர். கவணில் வைத்த கல் போல அவர் கடைசியில் உட்கார்ந்திருப்பார். அவருடைய எடையும் பின்சக்கரத்துக்குத்தான். முன்னால் இருக்கும் மெல்லிய கம்பிச் சக்கரங்களுக்கு வேலை அதிகம் இல்லை. காரைத் திசை மாறாமல் பிடித்துக்கொண்டால் போதும். அதனால்தான் அவை அவ்வளவு ஒல்லி.

இந்த அமைப்பு மாறியதற்கு ஒரு விபத்து காரணம். 1970 மார்ச் 8 அன்று, லயன்ஸ் என்ற கலிபோர்னியக் களத்தில் டான் கார்லிட்ஸின் டிராக்ஸ்டரில் கியர்பெட்டி வெடித்தது. கார் இரண்டாக உடைந்தது, அவருடைய வலது பாதத்தின் முன்பகுதி போய்விட்டது. வெடிக்கக்கூடிய எல்லாம் தன் கால்களுக்கு நடுவில்தான் இருக்கின்றன என்பதை மருத்துவமனைப் படுக்கையில் யோசித்த மனிதர், என்ஜினைத் தனக்குப் பின்னால் வைத்து அடுத்த காரைக் கட்டினார். 1971-இல் அந்தக் கார் பொமோனாவில் விண்டர்நேஷனல்ஸ் போட்டியை வென்றது. சில ஆண்டுகளுக்குள் ஸ்லிங்ஷாட் வழக்கொழிந்தது. மாடல் கட்டும்போது ஓட்டுநர் இருக்கை என்ஜினுக்கு முன்னாலா பின்னாலா என்ற ஒரு விஷயம் காரின் காலத்தையே சொல்லிவிடுகிறது.

ஃபன்னி கார் என்ற பெயரே பார்வையில் இருந்து வந்தது. 1965-இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் டாட்ஜ், பிளைமவுத் பந்தயக் கார்களில் பின் ஆக்சிலை 15 அங்குலமும் முன் ஆக்சிலை 10 அங்குலமும் முன்னால் தள்ளியது. மறுபடியும் எடை விவகாரம்தான். பார்ப்பதற்குக் கார் விசித்திரமாக இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1966-இல் டான் நிக்கல்சனின் மெர்குரி காமெட், முழு ஃபைபர்கிளாஸ் பாடியும் பெட்டி மூடி போல மேலே தூக்கும்படி வந்தது. அன்று முதல் இன்றுவரை ஃபன்னி கார் என்றால் பாடியைத் தூக்கி நிறுத்தி உள்ளே காட்டும் கார். மாடலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இவை தவிர தொழிற்சாலைக் கார் தோற்றத்தை விடாத புரோ ஸ்டாக் உண்டு. என்எச்ஆர்ஏவில் அந்தப் பிரிவு 1970-இல் வந்தது. இன்றைய டாப் ஃபியூயல் டிராக்ஸ்டரும் உண்டு. 90 சதவீதம் வரை நைட்ரோமீத்தேன் (சுருக்கமாக நைட்ரோ) கலந்த எரிபொருளைக் குடிக்கும் அந்தக் கார் மணிக்கு 530 கிலோமீட்டரைத் தாண்டும். 2008-இல் ஸ்காட் கலிட்டா இறந்த விபத்துக்குப் பிறகு டாப் ஃபியூயலும் ஃபன்னி காரும் கால் மைல் ஓடுவதில்லை, 1000 அடிதான், அதாவது 305 மீட்டர்.

எதில் தொடங்கலாம்

துண்டு துண்டாகப் பெட்டியில் வரும் மாடலைக் கிட் என்கிறோம். அமெரிக்கக் கார் கிட்களில் 1/25 என்ற அளவுதான் பெரும்பாலும். டீலர்கள் புதிய கார்களைக் காட்டுவதற்குக் கொடுத்த சிறிய விளம்பர மாடல்களின் வழியில் வந்த அளவு அது. ஏஎம்டி நிறுவனம் 1958-இல், ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டக்கூடிய கிட்களை இந்த அளவில் கொண்டுவந்தது: கடையில் இருப்பது போல, அலங்காரமாக, அல்லது பந்தயத்துக்கு. எம்பிசி, ஜோ-ஹான் ஆகியவையும் இதே அளவைப் பின்பற்றின. மோனோகிராம் 1/24-ஐ அதிகம் விரும்பியது. இரண்டும் பக்கத்து அளவுகள்தான், ஆனாலும் ஒன்றின் என்ஜினை இன்னொன்றில் வைத்தால் பழகிய கண்ணுக்கு உறுத்தும். 1/16 அளவிலும் கிட்கள் உண்டு. அழகாக இருக்கும், ஆனால் இடம் வேண்டும்.

இன்றைய டாப் ஃபியூயல் டிராக்ஸ்டரின் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 300 அங்குலம். 1/25-இல் அது சரியாக 12 அங்குலம், ஓர் அடி ஸ்கேலின் நீளம். இது தெரியாமல் அலமாரியில் இடம் ஒதுக்கியவர்கள் உண்டு.

முதல் கிட்டாக டிராக்ஸ்டரை எடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. பார்க்க எளிமையாக இருக்கும், துண்டுகளும் குறைவு. ஆனால் மறைக்க எதுவும் இல்லாத கார் அது. சட்டக் குழாய் கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும் நான்கு சக்கரமும் தரையில் பதியாது. ஒட்டிய இடம் ஒவ்வொன்றும் வெளியே தெரியும். கேஸர் அல்லது புரோ ஸ்டாக் கிட்டில் தொடங்குங்கள். கெட்டியான பாடி இருக்கும், அடிச்சட்டம் உறுதியாக இருக்கும், என்ஜின் பெரிதாக இருக்கும். அதில் இரண்டு கட்டி முடித்தபின் டிராக்ஸ்டர் தன்னால் கைக்கு வரும்.

கருவிகள் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கூரான கத்தி, சின்னக் கட்டர், நுனி கூர்ந்த சாமணம், 400 முதல் 2000 வரை எண் கொண்ட உப்புத்தாள்கள், சின்னத் துளை போட விரல்களால் திருகும் கைத்துளைப்பான், மறைப்பு டேப். பசை மட்டும் மூன்று வகை வேண்டும். பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்கும் மாடல் பசை பெரும்பாலான மூட்டுகளுக்கு. உலோகத்துக்கும் ஒயருக்கும் சூப்பர் குளூ. கண்ணாடித் துண்டுகளுக்கு வெள்ளைப் பசை, ஏனென்றால் சூப்பர் குளூவின் ஆவி பட்டால் கண்ணாடி பனி படிந்தது போலாகிவிடும். குரோம் பூசிய துண்டுகளை ஒட்டும் முன், ஒட்டும் இடத்தில் மட்டும் பூச்சைச் சுரண்டிவிட வேண்டும். இல்லையென்றால் பசை பூச்சோடு ஒட்டும், பிளாஸ்டிக்கோடு ஒட்டாது.

ஒரு கார், ஒரு நாள்

பசையைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பல பேர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எந்தக் காரை என்பதோடு, எந்த நாளின் காரை என்றும் முடிவு செய்யுங்கள்.

பந்தயக் கார் ஓரிடத்தில் நிற்கும் பொருளல்ல. வார இறுதியில் என்ஜின் வெடித்தால் அடுத்த வாரம் வேறு என்ஜின். விளம்பரதாரர் மாறினால் வண்ணமே மாறும். டான் கார்லிட்ஸ் தன் கார்களுக்கெல்லாம் ஸ்வாம்ப் ராட் என்று ஒரே பெயரை வைத்து எண் மட்டும் மாற்றிக்கொண்டே போனார். விபத்தில் உடைந்தது 13-ஆம் எண், என்ஜினைப் பின்னால் வைத்து வென்றது 14-ஆம் எண். 'கார்லிட்ஸின் கார்' என்று பொதுவாகச் சொன்னால் எதைக் கட்டுவது? ஷெர்லி மல்டவுனி டாப் ஃபியூயல் பட்டத்தை 1977, 1980, 1982 என்று மூன்று முறை வென்றார். மூன்றில் எந்த ஆண்டின் கார் என்று தெரியாமல் டெக்காலை, அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் படத்தாளை, தண்ணீரில் போடக் கூடாது.

முன்பக்க மட்கார்டில் வரிசையாக ஒட்டியிருக்கும் சின்னச் சின்ன ஸ்டிக்கர்களும் இப்படித்தான். அழகுக்கு ஒட்டியவை அல்ல அவை. ஒரு நிறுவனத்தின் ஸ்டிக்கரோடும் பொருளோடும் ஜெயித்தால் அந்த நிறுவனம் தனியாகப் பரிசுப் பணம் தரும். ஆகவே எந்தெந்த ஸ்டிக்கர் இருந்தது என்பது அந்த ஆண்டின் கணக்குப் புத்தகம் மாதிரி. கண்ணாடியில் எழுதியிருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். ஏ/ஜிஎஸ் என்றால் சூப்பர்சார்ஜர் வைத்த கேஸரின் ஏ பிரிவு, ஏஏ/எஃப்டி என்றால் நைட்ரோ குடிக்கும் டிராக்ஸ்டர். சில எண்களை வெள்ளை ஷூ பாலிஷில் கையால் எழுதியிருப்பார்கள். அவற்றை டெக்காலில் தேடாமல், மெல்லிய தூரிகையில் வெள்ளையைத் தொட்டு நீங்களே எழுதினால்தான் உயிர் வரும்.

ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அந்த நாளின் படங்கள் நான்கைந்து கிடைத்தால் போதும். இடப்பக்கம், வலப்பக்கம், என்ஜின், முடிந்தால் பின்பக்கம். படத்தில் இல்லாத இடத்தில் அதே காலத்து வேறு காரைப் பார்த்து நிரப்பலாம்.

பாடியும் வண்ணமும்

பாடியில் அச்சின் தடம் மெல்லிய கோடாக ஓடும். கத்தியின் முதுகால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். கதவுக் கோடுகளைக் கொஞ்சம் ஆழமாகக் கீறிக்கொள்ளுங்கள். பிரைமர், வண்ணம், வார்னிஷ் என்று அடுக்கடுக்காக வந்தபின் ஆழமில்லாத கோடு தூர்ந்துபோய்விடும்.

நான் ஆரம்பத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பாடிக்கு வெள்ளை அடித்தேன். நன்றாகக் காய்ந்தது, பளபளவென்று இருந்தது. சில நாட்களில் ரோஜா நிறமானது. மேலே இன்னொரு பூச்சு வெள்ளை அடித்தேன், அதுவும் ரோஜா. சிவப்புப் பிளாஸ்டிக்கில் இருக்கும் சாயம் வண்ணத்தின் வழியாக மேலே ஏறி வரும் என்று அப்போது தெரியாது. முதலில் ஒரு பூச்சு வெள்ளி நிறம் அடித்து அந்தச் சாயத்தை அடைத்துவிட்டு, அதன்மேல் பிரைமர், அப்புறம் வெள்ளை. இப்போது நிறப் பிளாஸ்டிக் எதுவானாலும் இதைச் செய்கிறேன்.

மிட்டாய் வண்ணம் இந்தக் கார்களின் தனி அழகு. அடியில் தங்கமோ வெள்ளியோ அடித்து, மேலே ஒளி ஊடுருவும் சிவப்பையோ நீலத்தையோ பூசுவது. ஒளி உள்ளே போய் அடியில் பட்டுத் திரும்புவதால் ஆழம் தெரியும். ஒவ்வொரு பூச்சுக்கும் நிறம் கறுத்துக்கொண்டே போகும், ஆகவே பாடிக்கு மூன்று பூச்சு என்றால் தனியாக அடிக்கும் பானெட்டுக்கும் அதே மூன்று. எண்ணிக்கை தவறினால் இரண்டும் வேறு வேறு கார் போலத் தெரியும். மினுமினுக்கும் மெட்டல்ஃபிளேக் வண்ணத்தில் இன்னொரு கணக்கு: 0.1 மில்லிமீட்டர் துகள் நமக்குத் தூசி. உண்மைக் காருக்கு அது இரண்டரை மில்லிமீட்டர் துண்டு. கார் வண்ணக் கடையில் வாங்கியதை அப்படியே அடித்தால் மாடலில் ஜிகினா ஒட்டியது போலிருக்கும். மாடலுக்கென்றே அரைத்த மெல்லிய துகள் வேண்டும்.

டெக்கால் எப்போதும் பளபளப்பான பரப்பின்மேல். மங்கலான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி ஓரம் வெள்ளியாக மின்னும். மேலே வார்னிஷ் அடிக்கும்போது முதல் இரண்டு பூச்சு வெறும் பனி மாதிரி படட்டும். ஒரேயடியாக ஈரமாக அடித்தால் டெக்கால் சுருங்கிவிடும்.

என்ஜின்

டிராக் மாடலின் முகம் என்ஜின்தான். பார்க்க வருகிறவர்கள் வண்ணத்தை ஒருமுறை பார்த்துவிட்டு என்ஜின்மேல் குனிந்து நின்றுவிடுவார்கள். என் நேரத்தில் பாதி இங்கேதான் போகிறது, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

முதலில் குரோமை எடுங்கள். கிட்டில் வரும் என்ஜின் துண்டுகள் பல கண்ணாடி போல மின்னும். உண்மையில் ஒரு பந்தய என்ஜினில் வார்ப்பு அலுமினியம், பாலிஷ் செய்த அலுமினியம், மங்கலான மெக்னீசியம், எஃகு என்று நான்கைந்து உலோகங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். துணி வெளுக்கும் பிளீச்சில் ஊறவைத்தால் குரோம் கரைந்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள், பிளீச்சோடு வேறு எந்தத் துப்புரவுத் திரவத்தையும் கலக்காதீர்கள். பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் அதன் உலோகத்தின் நிறம். ஒரே ஒரு வெள்ளி நிறக் குப்பியில் எல்லாவற்றையும் முடித்த என்ஜினையும், மூன்று வெள்ளி நிறம் கண்ட என்ஜினையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் சொல்லாமலே தெரியும்.

மேலே பெட்டி போல உட்கார்ந்திருப்பது சூப்பர்சார்ஜர், களத்தில் புளோயர் என்பார்கள். காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். 6-71 என்று எண் போட்டிருக்கும். 6 சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம் கொண்ட ஜிஎம்சி டீசல் என்ஜினுக்காகச் செய்த காற்றழுத்தி அது. லாரிகளில் இருந்து கழற்றி வந்து பந்தயக் காரில் மாட்டினார்கள். முன்னால் பல் வைத்த அகலமான பெல்ட், கீழே கிராங்க் என்ற என்ஜின் சுழல்தண்டில் இருந்து அதைச் சுழற்றும். பெல்ட்டுக்கு முழுக் கறுப்பு வேண்டாம், கரும்சாம்பல் அடியுங்கள். சின்ன அளவில் முழுக் கறுப்பு ஓட்டை மாதிரி தெரியும்.

அடுத்து ஸ்பார்க் பிளக் ஒயர். நீங்கள் ஒரே ஒரு நுணுக்கம்தான் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் இதைச் சேருங்கள். உண்மை ஒயரின் தடிமன் 8 மில்லிமீட்டர் என்றால் நமக்கு 0.32. கடைகளில் மாடலுக்கென்று விற்கும் ஒயர் சில சமயம் இதைவிடத் தடிமனாக இருக்கும், பார்த்தால் தோட்டத்து ஹோஸ் போலிருக்கும், வாங்காதீர்கள். மேக்னெட்டோவின் மூடியில் எட்டுத் துளை போட வேண்டும். பேட்டரி இல்லாமல் தானே சுழன்று மின்பொறி உண்டாக்கும் கருவி மேக்னெட்டோ. முதல் முறை துளை போடப் பயமாக இருந்தால் ஒயர் மாட்டியே வரும் மேக்னெட்டோவைச் சிறிய தயாரிப்பாளர்கள் விற்கிறார்கள், அதை வாங்கலாம்.

மேக்னெட்டோ எங்கே இருக்க வேண்டும்? பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் இடத்தில்தான் அது உட்காரும். கிரைஸ்லரின் ஹெமி என்ஜின்களில், பழைய 392-இல் (எண் கன அங்குல அளவைக் குறிக்கும்) அந்த இடம் பின்னால். 1964-இல் வந்த 426 ஹெமியில் முன்னால். பெட்டி எதுவாயிருந்தாலும் உங்கள் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிளக் எங்கே என்பதும் என்ஜினுக்கு என்ஜின் மாறும். ஹெமியில் வால்வு மூடியின் நடுவிலேயே வரிசையாக நான்கு குழிகள் இருக்கும், ஒயர் அதற்குள் இறங்கும். ஷெவர்லேயின் சிறு பிளாக் என்ற என்ஜினில் பிளக்குகள் கீழே, புகைக்குழாய்களுக்குப் பக்கத்தில். இன்றைய டாப் ஃபியூயல் என்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் 16. அதனால் மேக்னெட்டோவும் இரண்டு.

சிலிண்டர்களை எரியூட்டும் வரிசை ஹெமியிலும் ஷெவர்லே சிறு பிளாக்கிலும் 1-8-4-3-6-5-7-2 தான். இடப்பக்கம் முன்னிருந்து 1, 3, 5, 7, வலப்பக்கம் 2, 4, 6, 8. மேக்னெட்டோ மூடியைச் சுற்றி இந்த வரிசையில் ஒயர் கிளம்பி அந்தந்தச் சிலிண்டருக்குப் போக வேண்டும். யார் கவனிக்கப் போகிறார்கள் என்று தோன்றும். வரிசைப்படி இழுத்தால் ஒயர்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே தாண்டிப் போகும் விதமே வேறு. அந்தக் குறுக்கோட்டம்தான் உண்மை என்ஜின் என்ற உணர்வைக் கொடுக்கிறது. வரிசை தெரியாதவருக்கும் அது தெரியும். ஒயரை விறைப்பாக இழுக்காதீர்கள், கொஞ்சம் தொய்வு விடுங்கள். பிளக் முனையில் மெல்லிய ஒயரின் மேலுறையை இரண்டு மில்லிமீட்டர் வெட்டிச் செருகினால் ரப்பர் தொப்பி தயார்.

எரிபொருள் குழாய்களுக்கு ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: ஒவ்வொரு குழாயும் எங்கிருந்தோ வந்து எங்கேயோ போக வேண்டும். தொட்டியில் இருந்து என்ஜின் முகப்பில் இருக்கும் பம்புக்கு ஒன்று, பம்பில் இருந்து மேலே இன்ஜெக்டருக்கு ஒன்று, மிச்சம் திரும்பித் தொட்டிக்குப் போக ஒன்று. அங்கிருந்து சிலிண்டர்களுக்குச் சின்னக் குழாய்கள். இந்தப் பாதையை ஒரு தாளில் வரைந்து பார்த்துவிட்டு ஒயரை வெட்டுங்கள். காற்றில் தொடங்கிக் காற்றில் முடியும் குழாயை எத்தனையோ நல்ல மாடல்களில் பார்த்திருக்கிறேன், மனசு கேட்பதில்லை. இதே காரணத்தால், டாப் ஃபியூயல் காருக்கு யாரும் ரேடியேட்டர் செய்து வைக்காதீர்கள். அந்த என்ஜினுக்குத் தண்ணீர் கிடையாது, சில நொடி ஓட்டத்துக்கு எரிபொருளின் குளிர்ச்சியே போதும்.

புகைக்குழாய்க்கு வருவோம். 1960-களின் தொடக்கத்து டிராக்ஸ்டர்களில் அவை தரையைப் பார்த்து வளைந்திருக்கும். அந்தப் பத்தாண்டின் நடுவில் மேலே திரும்பின. மேல்நோக்கிப் பாயும் புகை காரைக் கீழே அழுத்தும், பின்டயரைச் சுற்றியுள்ள புகையையும் கலைத்துவிடும். முனைகளைத் துளைத்து உள்ளே குழிவாக்குங்கள். அடைத்த குழாயைப் போல மாடலைக் காட்டிக்கொடுப்பது வேறில்லை. குழாய் என்ஜினோடு சேரும் இடத்தில் கொஞ்சம் வைக்கோல் நிறம், அடுத்துப் பழுப்பு, அப்புறம் லேசான நீலம் என்று மிக மெல்லிய பூச்சுகளாகக் கொடுத்தால் சூடு தெரியும்.

ஓட்டுநர் இருக்கையில் பெல்ட் கட்டாயம். 3 அங்குலப் பெல்ட் நமக்கு 3 மில்லிமீட்டர், மறைப்பு டேப்பை அந்த அகலத்தில் வெட்டி வண்ணமடித்தால் போதும். பின்னால் தொங்கும் துணிமூட்டை பாராசூட். அந்த வேகத்தில் பிரேக் மட்டும் நிறுத்தாது. மூட்டையில் இருந்து ஒரு கேபிள் ஓட்டுநரின் கைக்கு எட்டும் நெம்புகோல் வரை போகும். அதையும் இழுத்துவிடுங்கள்.

டயரும் நிற்கும் விதமும்

பின்டயர் ஸ்லிக், வரி இல்லாத மொழுமொழுப்பு. கிட்டில் இருந்து வந்தபடி அது பளபளக்கும், நடுவில் அச்சுக் கோடும் இருக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் இரண்டும் போய், ஓடிய ரப்பரின் மங்கல் வரும். தரையைத் தொடும் இடத்தில் துளியளவு தட்டையாகத் தேய்த்துவிடுங்கள். உண்மை ஸ்லிக்கில் காற்று மிகக் குறைவு, பாரம் தாங்கிக் கொஞ்சம் அமுங்கியே நிற்கும். இந்த ஒரு தேய்ப்பில் மாடலுக்கு எடை வந்துவிடும்.

பழைய வினைல் டயர்கள் பிளாஸ்டிக்கைத் தின்னும். டயரில் உள்ள ரசாயனம் கசிந்து, நாளடைவில் சக்கரம் உருகி ஒட்டிக்கொள்ளும். சக்கரத்தின் விளிம்பில் வண்ணமோ மெல்லிய அலுமினியத் தாளோ இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

கார் நிற்கும் விதம் ஒட்டிய பிறகு திருத்த முடியாத விஷயம். அதனால் எதையும் ஒட்டும் முன், பாடி, சட்டம், சக்கரம் எல்லாவற்றையும் டேப்பால் கட்டி ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து, கண்ணைத் தகட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் பாருங்கள். நான்கும் தொடுகிறதா? மூக்கின் உயரம் படத்தில் இருப்பது போலவா? கேஸர் என்றால் உற்சாகத்தில் மூக்கை எட்டாத உயரத்துக்குத் தூக்கிவிடுவது சகஜம். அந்தக் கார்களுக்கு விதி இருந்தது: கிராங்கின் மையம் தரையில் இருந்து 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 1/25-இல் 24.4 மில்லிமீட்டர். கீழ்ப் புல்லியின் நடுவில் ஸ்கேலை வைத்து அளந்துவிடலாம்.

அழுக்கு சேர்ப்பதில் கட்டுப்பாடு வேண்டும். பந்தய அணிகள் காரைத் துடைத்துக்கொண்டே இருப்பவர்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டில் தெறித்த ரப்பர் துணுக்குகள் கொஞ்சம், புகைக்குழாய் முனையில் கரி கொஞ்சம். அதற்குமேல் எனக்கு உடன்பாடில்லை.

காட்சிக்கு வைக்க ஒரு சின்னத் தளம் செய்யலாம். சாம்பல் நிறத் தார், புறப்படும் கோடு, அதிலிருந்து கிளம்பும் இரண்டு கறுத்த ரப்பர்த் தடங்கள். நடுவில் விளக்குக் கம்பம் வைக்க ஆசை வரும். கிறிஸ்துமஸ் மரம் என்று அவர்கள் அழைக்கும் அந்த விளக்குகள் என்எச்ஆர்ஏவில் வந்தது 1963-இல்தான். உங்கள் கார் 1958-இன் கார் என்றால் அங்கே கம்பம் வேண்டாம். இரண்டு கார்களுக்கும் நடுவில், கோட்டுக்குச் சற்று முன்னால், கையில் கொடியோடு ஒரு மனிதரை நிறுத்துங்கள்.